ஒகானரின் மகன்

மைசூரில் ஒரு பழைய தேவாலயத்தின் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் குடும்பப் பெயர் ஒகானர். கானரின் வழிவந்தவர் என்று ஐரிஷில் பொருள். ஆனால் அப்பாவின் தாத்தா தகப்பன் பெயர் தெரியாதவர் என்றும், யாரோ ஒரு துரையின் பெயரைத் தானாக வைத்துக்கொண்டார் என்றும் உறவுக்காரர்கள் அப்பாவைக் குத்திக்காட்டாத விசேஷமே இல்லை.

எழுத்தர் சகாயமேரி ஞானஸ்நானப் பதிவேட்டை மெதுவாகப் புரட்டுகிறார். அப்பாவின் தாத்தாவின் பெயரில் அவர் விரல் நிற்கிறது.

"நோடி சார், இங்க பாருங்க, அப்பா ஒகானர், ஊர் அயர்லாந்து. அம்மா மரியம்மாள். இதே கோயில்ல கல்யாணம் ஆனவங்கன்னு எழுதியிருக்கு."

உடனே சென்னைக்குப் போன் செய்து படித்துக் காட்டுகிறேன். அப்பா நீளமாக மூச்சு விடுவது கேட்கிறது.

"அந்த அம்மா பேரை இன்னொரு தடவை சொல்லுப்பா," என்கிறார்.