டேங்கில் இருந்த பெரியவன்

அந்த ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் அவளுக்குக் காட்டேரி டாக்டர் என்று பேர். நேருக்கு நேரே அப்படித்தான் கூப்பிடுவார்கள். வந்தபோதெல்லாம் ஊசி வைத்து ரத்தம் உறிஞ்சுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். "இன்னைக்குக் காட்டேரிக்கு ஒரு ஸ்பூன் போதும்" என்று சொல்லிக்கொண்டே நரம்பைப் பிடித்துவிடுவாள். குழந்தை அழ வாய் திறப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். படித்தவர்கள் ஆயிரம் பேர் உண்டு, கை வந்தவர்கள் சிலர்தான். அவளுக்குக் கை வந்திருந்தது.

குழந்தைகளின் ரத்தத்தில் வருகிற கோளாறுகளைப் பார்ப்பது அவள் தொழில். அதற்கு முழ நீளத்தில் ஒரு பேர் இருக்கிறது. இதை எழுதுகிற கை ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட கை என்பதால் அந்தப் பேர் வேண்டாம். அவளைப் பெற்றவர் ஐஸ் ஃபாக்டரி வைத்து, உப்புத் தண்ணீரில் கை வெந்து, அவளைப் படிக்க வைத்தார். தனி ஆளாக நின்று மூன்று ஃபாக்டரி கண்டவர். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் தற்பெருமை ஆகிவிடும். "வித்தது போக ஒரு கட்டி மிச்சம் வை" என்பது அவர் ஃபாக்டரியில் சட்டம். மகள் அந்தச் சட்டத்தை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனாள். இந்தக் கதையே அந்த மிச்சத்தைப் பற்றியதுதான்.

அவளிடம் ஒரு விசித்திரம் உண்டு. குழந்தைகளின் முகம் மறந்துபோகும், ரத்தம் மறக்காது. கடைத்தெருவில் ஒரு தாய் கையைப் பிடித்துக்கொண்டு "எங்களைத் தெரியலையா டாக்டரம்மா?" என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். அதே குழந்தையின் ரத்தத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தால், ஒட்டியிருக்கும் பேரைப் பார்க்கும் முன்பே இன்ன பிள்ளை என்று சொல்லிவிடுவாள்.

முகமும் ரத்தமும் சேர்ந்து அவளுக்கு மறக்காமல் போனது ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். தகப்பன் பஸ் டிரைவர். தாய் வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைக்கிறவள். மூத்தது ஆண், இளையது பெண். வீட்டில் பெரியவன், சின்னவள் என்றே கூப்பிட்டார்கள்.

சின்னவளுக்குத் தலசீமியா. உடம்பு தயார் செய்கிற ரத்தம் நிற்காமல் உடைந்துபோகும் வியாதி. பிறந்ததிலிருந்து ஊரார் ரத்தத்தை ஏற்றி ஏற்றித்தான் அவள் நடமாடினாள். பெரியவனின் எலும்பு மஜ்ஜை அவளுக்கு அச்சாகப் பொருந்தியது. அவனுக்கு மயக்கம் கொடுத்து, இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, அவளுக்கு ஏற்றினார்கள். மயக்கம் தெளிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "இனிமே அவ பரீட்சையில ஃபெயிலானா எனக்கும் திட்டு விழுமா?" என்பது. வார்டே சிரித்தது. ஏற்றியது போக மீந்ததை டாக்டர் ஒரு சின்னப் பையில் அடைத்து, உறைய வைத்து, ஆஸ்பத்திரியின் குளிர்திரவ டேங்கில் இறக்கச் சொன்னாள். எதற்கு என்று கேட்டவர்களிடம், ஐஸ்காரர் மகள் அப்படித்தான் என்றாள்.

மஜ்ஜை பிடித்துக்கொண்டது. சின்னவளின் ரத்த குரூப் மாறி அண்ணனுடைய குரூப் ஆனது. சோதனைக்கு அனுப்பினால், இது ஓர் ஆண்பிள்ளையின் ரத்தம் என்று பதில் வந்தது. பெரியவனுக்கு வேர்க்கடலை ஆகாது, ஒன்று கடித்தாலும் உதடு வீங்கிவிடும். சின்னவள் அதுவரை கைநிறையக் கடலை தின்றவள். ஒருநாள் அவள் உதடும் வீங்கியது. அண்ணன் சொத்தில் பங்கு கேட்டால் அவன் வில்லங்கமும் சேர்ந்துதான் வரும் என்று நர்சுகள் கேலி செய்தார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் சைக்கிளில் போன பெரியவன் லாரியில் அடிபட்டு இறந்துபோனான்.

அதற்குப் பிறகு முதல்முறை மகளோடு வந்தபோது தாய் டாக்டரின் அறையில் அழாமல் உட்கார்ந்திருந்தாள். கண் சிமிட்டுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை. டாக்டருக்கு ரத்தம் பார்க்கத் தெரியுமே தவிர ஆறுதல் சொல்லத் தெரியாது. தெரியாதவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது. அவள் மூடவில்லை.

"உங்க பெரியவன் எங்கேயும் போகலைம்மா. இவ உடம்புல ஓடறது அவன் ரத்தம்தான். டேங்குலகூட அவன் பத்திரமா இருக்கான்."

தாய் நிமிர்ந்தாள். மகளின் மணிக்கட்டைப் பிடித்து, நாடி துடிக்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்தாள். போகும்வரை எடுக்கவில்லை.

கூப்பிடாத நாளிலும் வர ஆரம்பித்தாள். டேங்க் இருக்கும் அறைக்கு வெளியே, பூட்டிய கதவில் கை வைத்தபடி நிற்பாள். டேங்குக்குக் குளிர்திரவம் ஊற்றுகிற டேங்க்காரர் அந்தப் பக்கம் போகவே தயங்கினார். அந்தம்மா கதவோடு பேசுகிறது, நடுநடுவே பதில் வந்ததுபோல் தலையை ஆட்டுகிறது என்று டாக்டரிடம் முறையிட்டார். உள்ளே டேங்க் சில நேரம் டொக் டொக்கென்று சத்தம் போடும், அது குளிரில் இரும்பு சுருங்குகிற சத்தம், முப்பது வருஷமாகக் கேட்கிற சத்தம். "ஆனா அந்தம்மா நிக்கும்போது கொஞ்சம் அதிகமாக் கேக்குதுங்க" என்றார்.

ஒரு நடுப்பகலில் டாக்டர் சோதனைக்கூடத்திலிருந்து வெளியே வந்தாள். நடைபாதைக் கோடியில், தண்ணீர்க் குழாயின் பக்கத்தில், ஒரு பையன் முதுகு காட்டி நின்றான். ஒட்ட வெட்டிய முடி. பெரியவனின் கோடுபோட்ட சட்டை. ஒரு பாதத்தால் மற்றக் காலின் ஆடுசதையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பெரியவன் அப்படித்தான் நிற்பான். வெயில் சுள்ளென்று விழுந்த நடைபாதையில் டாக்டருக்குக் கை கால் சில்லிட்டது.

"டேய், வாடா, நேரமாச்சு" என்று தாயின் குரல் கேட்டது.

பையன் திரும்பினான். சின்னவள். தாயிடம் ஓடுவதற்கு முன்னால் டாக்டரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வை இரண்டு பேரில் யாருடையது என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொன்னாள். ஐஸ்காரர் சிரித்துவிட்டார். "ரத்தம் மாறினா ஆள் மாறிடுமா? என் உடம்புல பாதி உப்புத் தண்ணி ஏறிக்கிடக்கு, நான் என்ன மீனா?" என்று கேட்டார். மகள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவரும் சோற்றைப் பார்த்துக்கொண்டார்.

அந்த மாதச் சோதனையில் சின்னவளின் ரத்தத்தில் அண்ணனின் பங்கு குறைந்திருந்தது. அடுத்ததில் இன்னும் குறைந்தது. நம்பாமல் டாக்டர் தானே ஒரு சொட்டைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். வெளுத்து, கோணிப்போன அணுக்கள், நடுவில் பொட்டு வைத்த அணுக்கள். அந்த ரத்தத்தை அவளுக்குத் தெரியும். இனி ஜென்மத்துக்கும் பார்க்க மாட்டோம் என்று நினைத்த ரத்தம். செத்தவர்கள் திரும்பி வருவதாகக் கதைகள் உண்டு. இங்கே உயிரோடு இருக்கிறவளின் பழைய ரத்தம், விட்டுப்போன வீட்டுக்குத் திரும்புவதுபோல், சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது.

இப்படியே விட்டால் சின்னவள் பழையபடி ஊரார் ரத்தத்தில் வாழ வேண்டும், அதுவும் எத்தனை காலமோ. வேறு யாருடைய மஜ்ஜையும் பொருந்தவில்லை. டேங்கில் இருக்கிற அந்த ஒரு பையை உருக்கி ஏற்றினால் அண்ணன் ரத்தம் மறுபடி வேர்பிடிக்க வழியுண்டு. சீக்கிரம் செய்ய வேண்டும்.

டிரைவர் கேட்டதும் சரி என்று தலையை ஆட்டினார். தாய் எழுந்து நின்றுவிட்டாள்.

"அதையும் எடுத்துட்டா அவன் எங்க இருப்பான்?"

டாக்டர் விளக்க விளக்க அவள் காதில் எதுவும் ஏறவில்லை. ஒரு பிள்ளையை ஒருதரம் தூக்கிக் கொடுத்தாயிற்று, இன்னொரு தரம் கொடுக்க முடியாது என்று சொல்லி மகளை இழுத்துக்கொண்டு போனாள். அதோடு வருவதை நிறுத்தினாள். தகப்பன் கையெழுத்து இருந்தால் போதும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறுதல் என்ற பேரில் அந்தப் பையைப் பிள்ளையாக்கியவள் அவள்தான், தாய்க்குத் தெரியாமல் அதை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தன் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனாள்.

ஒற்றை ஜன்னல் வைத்த முன்னறை. ஜன்னலோரம் தையல் மெஷின், அதன் கீழே வெட்டுத்துணிக் குவியல். கொடியில் பெரியவனின் சட்டைகள் வரிசையாகத் தொங்கின, ஒவ்வொன்றும் சின்னவளின் அளவுக்குப் பிடித்துத் தைத்தது. தாய் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். சின்னவள் வெளுத்திருந்தாள். டாக்டர் கண்ணிமையை விலக்கிப் பார்க்கும்போது, காதோடு சொன்னாள்.

"டாக்டர், நான் கடலை தின்னேன். எதிர்வீட்டுல குடுத்தாங்க. ஒண்ணுமே ஆகல."

மெஷின் நின்றது.

"பொய்" என்றாள் தாய். "அவனுக்குக் கடலை ஆகாது."

"எனக்கு ஆகும்மா."

தாய் எதிர்வீட்டுக்குப் போய் ஒரு பிடி கடலையோடு வந்தாள். டாக்டர் தடுப்பதற்குள் சின்னவள் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். டாக்டர் அவசர ஊசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தச் சின்ன உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்றில்லாமலேயே கொடியில் ஒரு சட்டைக் கை ஆடியது, பிறகு நின்றது. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். தாய் வாசலைப் பார்த்தாள். உதடு வீங்கவில்லை.

"அப்ப இவகிட்டேயும் இல்ல" என்றாள் தாய். குரல் தணிந்திருந்தது. "டேங்குல மட்டும்தான் இருக்கான். நான் அவனைப் பாக்கணும்."

பார்க்க ஒன்றும் இருக்காது என்று டாக்டர் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. இந்தத் தரம் வாயை மூடிக்கொண்டாள்.

டேங்க் அறையின் கதவு அந்தத் தாய்க்கு முதன்முறை திறந்தது. ஜன்னல் இல்லாத அறை, ஆள் இடுப்புயரத்துக்கு உருண்டையான இரும்பு டேங்க். மூவரும் உள்ளே வந்ததும் டொக்கென்று ஒரு சத்தம். டேங்க்காரர் தடித்த கையுறை மாட்டிக்கொண்டு மூடியைத் தூக்கினார். வெள்ளைப் புகை பொங்கி, விளிம்பைத் தாண்டி வழிந்து, தரையில் பரவி, தாயின் பாதங்களைச் சுற்றிக்கொண்டது. டேங்க்காரர் இரண்டடி பின்னால் போனார். தாய் நகரவில்லை. குனிந்து, தூங்குகிற பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல் புகைக்குள் கையை நீட்டினாள். டாக்டர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்ட தாய், விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் மனசில் அது ஏதோ அலமாரியாக, மெத்தை போட்ட பெட்டியாக இருந்திருக்க வேண்டும்.

"இவ்வளவு குளிர்லயா என் புள்ளைய வச்சிருக்கீங்க?"

டாக்டர் தரையில் பரவிய புகையைப் பார்த்தாள்.

"ஒரு மழைக்கே போர்வைய விட்டு வெளிய வர மாட்டானே" என்றாள் தாய். பிறகு டேங்க்காரரைப் பார்த்து, "மூடாதீங்க. அவனை வெளிய எடுங்க. தங்கச்சிகிட்ட இருக்கட்டும், அங்க சூடாவாவது இருக்கும்" என்றாள்.

கையெழுத்துப் போடும்போதும் அவள் விரல் நுனிகள் வெளுத்தேதான் இருந்தன.

உள்ளங்கை அகலப் பை அது. வெந்நீரில் உருகியதும் சிவந்தது. சின்னவளின் குழாய் வழியாக அது இறங்க இறங்க, பூண்டு வாடை போல ஒன்று அறையெங்கும் பரவியது. உறைய வைக்கச் சேர்க்கிற மருந்தின் வாடை அது, குழந்தையின் மூச்சில் ஒருநாள் முழுக்க வரும். டாக்டருக்கு அது தெரியும். இருந்தும், கட்டிலில் சின்னவள் கண்மூடிக் கிடந்து, ஒரு பாதத்தால் மற்றக் காலின் ஆடுசதையைத் தேய்த்தபோது, டாக்டர் தன்னையறியாமல் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். தாய் பார்க்கவில்லை. மகளின் மணிக்கட்டில் வைத்த விரலை எடுக்காமல், "குளிருதா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று பதில் வந்தது.

அடுத்த சில மாதங்களில் கோணல் அணுக்கள் குறைந்துவந்தன. டாக்டர் நல்ல செய்தி எதையும் முந்திச் சொல்லாமல் இருந்தாள்.

ஒரு காலை வேளையில் தாயும் மகளும் அவசரப் பிரிவுக்கு ஓடிவந்தார்கள். சின்னவள் புதிதாகத் தைத்த பாவாடை உடுத்தியிருந்தாள். முடி காதைத் தொட்டு வளர்ந்திருந்தது. மேலுதடு வெள்ளரிப்பிஞ்சு போல் வீங்கியிருந்தது.

"கடலையத் தொடாதடின்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன்" என்று தாய் மூச்சு வாங்கினாள். "கேட்டாளா? திருட்டுக் கழுதை."

டாக்டர் ஊசியைப் போட்டாள். வீக்கம் கொஞ்சம் வடிந்ததும் சின்னவள் வீங்கிய வாயாலேயே சிரித்தாள்.

"இருக்கானான்னு பாத்தேன், டாக்டர். இருக்கான்."

தாய் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வைத்த கையை அங்கேயே வைத்துக்கொண்டாள். காட்டேரி டாக்டர், தனக்கு ஒரு ஸ்பூன் வேண்டும் என்றாள்.