லக்கலையில் நான் செத்துக்கிடந்த மாலை

எங்க படத்துக்குக் கதாநாயகி நான்தான். சிரிக்கிறவங்க சிரிச்சிட்டுப் போகட்டும். இப்ப என்னைப் பார்த்தா யாரும் நம்ப மாட்டாங்க. ஆனா எழுபதுகளோட தொடக்கத்துல, மாத்தளை டவுன்ல நாடகம் நடிக்கிற பொம்பிளை யாருன்னு கேட்டா எங்க வீட்டைத்தான் கைகாட்டுவாங்க. எங்க வீட்டுக்காரர் போட்டோ ஸ்டூடியோ வச்சிருந்தார். கல்யாணப் படமும் பாஸ்போர்ட் படமும் எடுத்துக்கிட்டிருந்த மனுஷனுக்குத் திடீர்னு சினிமாப் பைத்தியம் பிடிச்சுது. கொழும்புல ஒரு சிநேகிதர்கிட்ட, சாவி கொடுத்து ஓட்டுற பழைய கேமரா ஒண்ணை இரவல் வாங்கிட்டு வந்து சாப்பாட்டு மேசையில வச்சார்.

"நீதான் நடிக்கிற" என்றார்.

"கேக்கிறீங்களா, சொல்றீங்களா?"

"சொல்றேன்."

நானும் ரொம்பப் பிகு பண்ணிக்கல. உள்ளுக்குள்ள எனக்கும் ஆசைதான்.

லைட்டுக்கெல்லாம் எங்களுக்கு வசதி ஏது? தேயிலைப் பெட்டிக்குள்ள வெள்ளி மாதிரி மினுங்குற தாள் ஒட்டியிருப்பாங்களே, அதைப் பலகையில ஒட்டி, வெயிலை அதுல வாங்கி முகத்துல அடிப்போம். மாத்தளைக்குப் பக்கத்துல இருக்கிற நாலந்தாவுல ஒரு காதல் காட்சி. காத்து ஒரு தள்ளு தள்ளினதுல பலகை திரும்பி, அந்த வெளிச்சம் வயல்ல மேஞ்சுக்கிட்டிருந்த எருமை கண்ணுல போய் விழுந்துச்சு. எருமை நேரா கதாநாயகன்கிட்ட வந்துச்சு. அவர் பள்ளிக்கூட வாத்தியார். வேட்டியை மடிச்சுக் கட்டிப் பலாமரத்துல ஏறினவர், எருமை போன பிறகும் இறங்கல. "காதல் வசனத்தை இங்க இருந்தே சொல்லிடுறேனே"ன்னு கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த எருமையைத் திரும்பக் கூப்பிடலாம் போல இருந்துச்சு.

இன்னொரு நாள் ஆத்தைக் கடக்கிறப்ப எங்க வீட்டுக்காரர் வழுக்கி விழுந்தார். மூக்கு வரைக்கும் தண்ணி. ரெண்டு கையும் மட்டும் மேல, கேமராவைத் தூக்கிப் பிடிச்சபடி. "என்னைப் பிடிங்க"ன்னு அந்த மனுஷன் கத்தல. "கேமராவை வாங்குங்க"ன்னுதான் கத்தினார். இப்படித்தான் எங்க படம் வளர்ந்துச்சு.

கடைசிக் காட்சிக்கு வந்தப்ப எங்க கையில இருந்தது ஒரே ஒரு பிலிம் சுருள். வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள்ள வராத காலம் அது. யார் காலைப் பிடிச்சாலும் இன்னொண்ணு கிடைக்காது. கேமராவையும் திருப்பிக் கொடுத்தாகணும். அந்தக் காட்சி தப்பினா முடிவில்லாத படம்தான். முடிவில்லாத படத்தை எந்த ஹோல்ல போடுறது?

காட்சி இதுதான். ஊரே ஒதுக்கி வச்ச ஒருத்தி, அடிபட்ட நெத்தியோட, காட்டை வெட்டி எரிச்சுப் பயிர் செய்யிற சேனைக்குள்ள ஓடி வந்து ஓடைக்கரையில விழுறா. உதவிக்குக் கூப்பிடுறா. யாரும் வரல. செத்துப் போறா.

எனக்கு இந்த முடிவு ஆரம்பத்துல இருந்தே பிடிக்கல. "ஒரு பொம்பிளை விழுந்து கிடந்தா எந்த ஊர்ல ஆள் வராம இருப்பாங்க?"ன்னு சண்டை போட்டேன்.

"உனக்குக் கலை தெரியாது."

"உங்களுக்கு ஊர் தெரியாது."

டைரக்டர் அவர். நான் வாயை மூடிக்கிட்டேன்.

ஒரு லொறியில, மலைக்காட்டுக்குள்ள இருக்கிற லக்கலைக்குப் போனோம். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் பாறை மேல கேமரா, அந்தப் பக்கச் சரிவுல நான். குங்குமத்தைத் தேங்காயெண்ணெயில குழைச்சு நெத்தியில வழிய விட்டிருந்தோம். அவ்வளவு தூரத்துக்கு அவர் குரல் எட்டாது. அதனால, "ஹூன்னு ஒரு சத்தம் கொடுப்பேன், ஓட ஆரம்பி"ன்னு சொல்லி வச்சிருந்தார். டவுன்காரங்க புத்தி அது. லக்கலையில ஹூ விளையாட்டு இல்ல. யானை வந்தாலும், பாம்பு கடிச்சாலும், யாராவது மரத்துல இருந்து விழுந்தாலும் காவல் குடிசையில இருந்து ஹூ போடுவாங்க. கேட்டவங்க பதிலுக்கு ஹூ போட்டு அடுத்த குடிசைக்குத் தெரியப்படுத்திட்டு, கையில இருக்கிறதைப் போட்டுட்டு ஓடி வருவாங்க. எங்கள்ல ஒருத்தருக்கும் இது தெரியாது.

முதல் ஹூ ஓடைச் சத்தத்துல எனக்குக் கேக்கல. அவரோட இருந்த நாலு பேரும் சேர்ந்து மறுபடி மறுபடி போட்டாங்க. நான் ஓட ஆரம்பிச்சேன். ஓட ஓட, முன்னால, பின்னால, மலை மேலன்னு எல்லாப் பக்கமும் ஹூ. இந்த ஆளுங்க எதுக்கு இப்படித் தொண்டை கிழியக் கத்துறாங்கன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டே போய் விழுந்தேன். கூப்பிட்டேன், கண்ணை மூடினேன், செத்தேன்.

தடதடன்னு காலடிச் சத்தம். "அம்மோ! லே! லே!"ன்னு ஒரு பொம்பிளை சிங்களத்துல ரத்தம் ரத்தம்னு அலறிக்கிட்டு என் தலையைத் தூக்கி மடியில வச்சா. அந்த நிமிஷமே எனக்கு விளங்கிருச்சு. கண்ணைத் திறந்தா கடைசிச் சுருள் போச்சு. செத்தவ எழும்பக் கூடாது. நான் எழும்பல. சும்மா சொல்லக்கூடாது, அந்த மாதிரி நான் எந்த மேடையிலயும் நடிச்சதில்ல. வைத்தியர் வீட்டுக்குக் கொண்டுபோறதுக்காக என்னை நாலைஞ்சு பேராத் தூக்கிக்கிட்டு மேட்டுல ஓடினாங்க. அப்பவும் துணி மாதிரி தொங்கிக்கிட்டு வந்தேன்.

அந்தப் பொம்பிளை என் தலையைத் தாங்கிக்கிட்டே கூட ஓடி வந்தா. "மகே துவே, மகே துவே"ன்னு மூச்சு வாங்க அழுதா. என் மகளேன்னு அர்த்தம். நாடகத்துல சேர்ந்த நாள்ல இருந்து என்னைப் பெத்தவ என்கூடப் பேசுறதில்ல. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கேன். யாரோ ஒருத்தி, முன்னப் பின்னப் பார்த்திராதவ, மகளேன்னு அழுறா. மூடின கண்ணுல இருந்து தண்ணி கொட்டுச்சு.

செத்தவ அழுறதைப் பார்த்து அவ நின்னா. என் நெத்தியைத் தொட்டு விரலை மோந்து பார்த்தா. தேங்காயெண்ணெய். என்னை இறக்கச் சொல்லி, பளார்னு கன்னத்துல ஒண்ணு விட்டா. அப்புறம் அதே கையால கட்டிப் பிடிச்சுக்கிட்டு இன்னும் சத்தமா அழுதா.

எங்க வீட்டுக்காரர் மூச்சு இளைக்க ஓடி வந்து சேர்ந்தார். ஊர்ச்சனம் அவரை ஏசின ஏச்சு கொஞ்சநஞ்சம் இல்ல. எல்லார்கிட்டயும் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு வரப்புல உட்கார்ந்துட்டார்.

"சுருள் முழுக்க ஓடிருச்சு. நிறுத்த மனசு வரல. சாவி தீரத் தீரக் கொடுத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். "யாரும் வரலங்கிறதுதானே கதை? ஊரே வந்திருச்சே."

"அப்ப வந்தாங்கன்னு முடிங்க!"ன்னு கத்தினேன். அந்த மனுஷன் அன்னைக்குத்தான் முதல் தடவையா என்கிட்ட எதிர்த்துப் பேசல.

டவுன் ஹோல்ல படம் போட்டோம். முதல் பாதியில சிரிக்கக் கூடாத இடத்துல எல்லாம் சிரிச்சாங்க, பொய் சொல்வானேன். ஆனா கடைசியில, அந்தச் சரிவுகள்ல இருந்து மண்வெட்டியோடும் தடியோடும் சனம் ஓடி இறங்கினப்ப ஹோல்ல ஒரு இருமல் சத்தம் இல்ல. வெளியில வந்தப்ப யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருத்தர், கச்சேரின்னு சொல்ற அரசாங்க ஆபீஸ்ல வேலை பார்க்கிறவர், எங்க வீட்டுக்காரர்கிட்ட, "இவ்வளவு சனத்தை எப்பிடி நடிக்க வைச்சனீங்கள்?" என்று கேட்டார்.

"என் மனைவி கண்ணைத் திறக்கல, அவ்வளவுதான்" என்றார் இவர். எனக்கு அது போதும். ஒரு மெடல் கொடுத்திருந்தாக்கூட அப்படி நிமிர்ந்து நின்னிருக்க மாட்டேன்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "கடைசியா உங்கட தலையைத் தாங்கிக்கொண்டு ஓடுறாவே, அவ உங்கட அம்மாவோ?"

"ஆமாங்க" என்றேன்.

எங்க வீட்டுக்காரர் பக்கத்துலதான் நின்னார். திருத்தல.