முள் திரும்பாத தராசு

தெருவில் அவருக்கு மில்லி என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் உயிரோடு இருந்தது. தராசு பழுதுபார்ப்பது தொழில். கடைத் தராசு, கிடங்குத் தராசு, ஆள் ஏறி நிற்கும் ஆஸ்பத்திரித் தராசு, எதுவானாலும் ஒரு மில்லிகிராம் பிசகைக்கூடப் பொறுக்கமாட்டார் என்று யாரோ வைத்த பட்டம் அது. அந்தத் தராசுகள் எதிலும் மில்லிகிராம் தெரியவே தெரியாது என்பது வேறு விஷயம்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆள் நிற்கும் தராசைச் சரிசெய்து முடித்ததும், இரும்பு எடைக்கற்களை எடுப்பதற்கு முன்னால், செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே அதன்மேல் ஏறி நிற்பார். முள் அறுபத்திரண்டு காட்ட வேண்டும். காட்டினால் தராசு சரி. முப்பத்துநான்கு வயதில் அறுபத்திரண்டு கிலோ, எழுபத்துநான்கிலும் அறுபத்திரண்டு. நடுவில் இரண்டு பெண்கள் பிறந்தார்கள், படித்தார்கள், கல்யாணமாகிப் போனார்கள், கடை இரண்டு தடவை இடம் மாறியது. முள் மட்டும் ஒரு கிலோவுக்கு மேல் இப்படியும் அப்படியும் போனதில்லை. ஊரில் உள்ள எல்லாத் தராசையும் சந்தேகப்பட்ட மனிதர் சந்தேகப்படாத ஒரே எடைக்கல் அவர்தான்.

அப்படியிருந்தவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் படுக்கப் போட்டுவிட்டுப் போனது. போனது திரும்பி வரவில்லை. கூடவே போன பசியும் திரும்பி வரவில்லை.

நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவருடைய வீட்டுக்காரம்மா இதைத் தன்மேல் வைத்த குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொண்டார்.

"என்ன, உப்பு கம்மியா?"

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருந்தா தட்டு ஏன் அப்படியே இருக்கு?"

"வயிறு நெறஞ்சிருச்சு."

"நாலு வாய்ல நெறயறதுக்கு அது என்ன வயிறா, மருந்து பாட்டிலா?"

மில்லி பொய் சொல்லவில்லை. பாதித் தட்டு தாண்டுவதற்குள் விருந்து சாப்பிட்டு எழுந்தவனுக்கு வரும் திணறல் வந்துவிடும். காலையில் உள்ளே போனது மத்தியானம் வரைக்கும் நகராமல் உட்கார்ந்திருக்கும். சட்டை தொளதொளவென்று ஆனதற்கு, துணி நைந்து போனதாக ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. ஒரு வாரம் ஆள் நிற்கும் தராசுகள் மூன்று பழுதுக்கு வந்தன. சரிசெய்துவிட்டு ஒவ்வொன்றிலும் ஏறி நின்றார். மூன்றும் ஐம்பத்துமூன்று காட்டின. மூன்றும் ஒரே மாதிரி ஒன்பது கிலோ பொய் சொல்கின்றனவே என்று வியந்து, மூன்றையும் மறுபடி பிரித்தார். ஸ்பிரிங் மாற்றினார். எண்ணெய் விட்டார். ஐம்பத்துமூன்று. கடைசியில் எடைக்கற்களை வைத்துப் பார்த்தார். கற்களுக்குத் தராசுகள் அச்சாகச் சரியாகக் காட்டின. அதற்குப் பிறகு அவர் செய்த காரியம் அவர் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தோன்றும். எடைக்கற்களைச் சந்தேகப்பட்டார்.

இருபது கிலோக் கல்லைச் சோதிப்பதற்காகப் பிடியில் கைவைத்துத் தூக்கினார். காய்ச்சலுக்கு முன்னால் ஒரு நாளில் முப்பது தடவை தூக்கிய கல். இடுப்பு உயரத்துக்கு வருவதற்குள் கையைவிட்டு நழுவி, கால் கட்டைவிரலுக்கு ஓர் அங்குலம் தள்ளி விழுந்து, தரையில் பதித்த கல்லை இரண்டாகப் பிளந்தது. சாப்பாட்டுப் பெட்டியோடு அப்போதுதான் உள்ளே வந்த வீட்டுக்காரம்மா தரையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், வெளியே போய் வண்டி பிடித்தார்.

ஆஸ்பத்திரியிலும் முள் ஐம்பத்துமூன்றிலேயே நின்றது.

"டாக்டர், உங்க மெஷின் சரியில்ல," என்றபடி சட்டைப்பையிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு மில்லி குனிந்தார். பின்பக்கம் ஈய முத்திரை தொங்கியது. அதில் அவருடைய குறி. காய்ச்சலுக்கு இரண்டு மாதம் முன்னால் அவரே சரிபார்த்து முத்திரையிட்ட தராசு. ஸ்குரூடிரைவர் வந்த வழியே பைக்குள் போயிற்று. தன் முத்திரைக்கு எதிராகத் தானே எப்படிச் சாட்சி சொல்வது?

ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் பண்ணினார்கள். நோய் என்று சொல்ல ஒன்றும் இல்லை. டாக்டர் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"ஆறு வாரம் தர்றேன். அம்பத்தாறு வரணும். வரலைன்னா அட்மிட் பண்ணி மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் ஊட்டணும். இதுக்குக் கீழ எறங்கினா, ஒரு நாள் விழுவீங்க, அப்புறம் எழுந்திருக்க மாட்டீங்க."

நடையின் கோடியில் டயட்டீஷியன் அறை. கண்ணாடி போட்ட சின்னப் பெண், மேசையில் பாதி தின்ற ஆப்பிள்.

"கடைசியா எப்போ ஐயா பசிச்சுது?"

மில்லி யோசித்தார். ஒவ்வொரு தராசும் என்றைக்கு வந்தது, என்றைக்குப் போனது என்று சொல்லக்கூடிய மனிதருக்கு இந்தத் தேதி ஞாபகம் வரவில்லை.

"வயிறு காலியானா அதோட மேல்பக்கத்துல கிரெலின்னு ஒரு ஹார்மோன் சுரக்கும்," என்றாள் அந்தப் பெண். "அது ரத்தத்துல கலந்து மூளைக்குப் போயி, சாப்பாடு போடுன்னு கதவைத் தட்டும். சாப்பிட ஆரம்பிச்சா குடல்லேர்ந்து வேற சில ஹார்மோன் கெளம்பி, போதும்னு சொல்லும். வயசாக ஆக, தட்டுற கை தளர்ந்துடும். போதும்ங்கற சத்தம் கூடிடும். சாப்பாடும் வயித்துல நெடுநேரம் தங்கிடும். மூக்கு வேற மந்தமாயிடும்."

"காய்ச்சல் போனப்புறம் திரும்ப வரணுமில்ல?"

"சின்ன வயசுக்காரங்களுக்கு வரும். அவங்களைச் சில வாரம் அரைவயிறா வெச்சுட்டு அப்புறம் விட்டாங்கன்னா, தானாவே கூடச் சாப்பிட்டு பழைய எடைக்கு வந்துடறாங்க. வயசானவங்க பல பேரு எறங்கின எடத்துலயே நின்னுடறாங்க. சோதிச்சே பாத்திருக்காங்க."

மில்லி நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருக்குத் தெரிந்த பாஷை. "ஸ்பிரிங் அலுத்துப் போச்சு. சுமையை எறக்கினாலும் முள்ளு பழைய எடத்துக்குத் திரும்பாது."

"அதேதான் ஐயா."

அவர் விரல்விட்டு எதையோ எண்ணினார். பிறகு, "ஒரு ஆள் வருஷத்துக்கு எவ்வளவு சாப்பிடுவான்?" என்று கேட்டார்.

"தண்ணியை விட்டுட்டுப் பாத்தா, ஒரு அரை டன்னு வெச்சுக்கலாம்."

அரை டன். நாற்பது வருஷம். இருபது டன் அந்த வாய் வழியாக உள்ளே போயிருக்கிறது. நாலு லாரி நிறைய. அவ்வளவும் போய், எரிந்து, கழிந்து, கடைசியில் பிசகு ஒரு கிலோ. அவர் வாழ்நாளில் தொட்ட தராசுகளில் மிக உயர்ந்தது ஒரு மருந்துத் தொழிற்சாலையின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தது. அதைக்கூட ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவர் போய் நேர்ப்படுத்த வேண்டும். இதை யாரும் திறந்து பார்த்ததில்லை. துடைத்ததில்லை. அவர் தூங்கும்போதும், கோபத்தில் பட்டினி கிடந்தபோதும், மகள் கல்யாணத்தில் மூச்சுமுட்டத் தின்றபோதும், சட்டைக்கு உள்ளே இருட்டில் அது தன்பாட்டுக்கு நிறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"இதுக்கு வருஷா வருஷம் சீல் போட்டது யாரும்மா?"

"யாரும் போடல ஐயா. அதுவா ஓடிச்சு."

வீடு வந்து சேரும்வரை அவர் வயிற்றின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

திருத்த முடியாத பழைய தராசுகளை மில்லி தூக்கிப் போடுவதில்லை. 'இது இரண்டு கிலோ குறைத்துக் காட்டும், சேர்த்துக்கொள்க' என்று சீட்டு எழுதி ஒட்டித் திருப்பிக் கொடுப்பார். பிசகு இன்னதென்று தெரிந்துவிட்டால் தராசு உபயோகமானதுதான் என்பது அவர் கட்சி. அன்று சாயங்காலம் சமையலறைக் கதவில் ஒரு சீட்டு ஏறியது: 'இந்த வயிறு போதும் என்பதை முன்கூட்டியே சொல்லும். நம்ப வேண்டாம்.'

வீட்டுக்காரம்மா அதை இரண்டு தடவை படித்தார். "அப்ப என் சமையல்ல தப்பில்லையா?"

"ஹார்மோன்ல."

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா மூணு மாசமா நான் அந்த அடுப்புகிட்ட நின்னு அழுதிருக்க மாட்டேனே!"

அவர் அழுதது மில்லிக்குத் தெரியாது. தட்டை அருகில் இழுத்துக்கொண்டார்.

பசிக்காகக் காத்திருப்பதில்லை என்று முடிவாயிற்று. கடிகாரம் ஆறு தடவை கூப்பிடும். ஆறு தடவையும் உட்கார வேண்டும். முட்டை, பால், நிலக்கடலை, வெண்ணெய் தடவிய ரொட்டி. கொஞ்சமாக இருந்தாலும் கனமாக இருக்கட்டும் என்று அந்தப் பெண் பட்டியல் கொடுத்திருந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் தண்ணீர் கூடாது. தினமும் சின்ன எடையாகத் தூக்கிப் பழக வேண்டும். தனியாகச் சாப்பிடக் கூடாது. துணையோடு உட்கார்ந்தால் யாருக்கும் இரண்டு வாய் கூட இறங்கும். வீட்டுக்காரம்மா ஆறு தடவையும் எதிரே தட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அரைத் தட்டில் மில்லி கையை எடுத்தால், சீட்டை நோக்கி ஒரு விரல் நீளும். அவ்வளவுதான் பேச்சு.

இரண்டு வாரம் முள் அசையவில்லை. மூன்றாம் வாரம் அரை கிலோ. நான்காம் வாரம் ஐந்து கிலோக் கல் கைக்கு அடங்கியது, பிறகு பத்து. ஐந்தாவது வாரம் ஒருநாள், கடையில் நட்டு முடுக்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றுவிட்டார். வயிற்றுக்குள் ஏதோ ஒன்று மெல்ல அசைந்து, உறுமி, அடங்கியது. ஸ்பானரை வைத்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

"பசிக்குது!"

"வாயுவா இருக்கும்."

"இல்லடி. தட்டுது. நெஜமா தட்டுது."

"அதை அப்படியே புடிச்சு வைங்க, வர்றேன்!"

கதவைப் பூட்டாமலேயே அந்தம்மா பெட்டியோடு ஓடி வந்தார். அது பசியா வாயுவா என்பது கடைசிவரை தீரவில்லை. பெட்டி காலியானது.

ஆறாவது வாரக் கடைசியில் டாக்டர் அறைக்குள் மில்லி நுழைந்தபோது கையில் ஒரு சாக்குப்பை இருந்தது. அதிலிருந்து இருபது கிலோக் கல்லை எடுத்துத் தராசின்மேல் வைத்தார். சரியாக இருபது. இறக்கிவிட்டு, செருப்பைக் கழற்றித் தான் ஏறினார். டாக்டர் குனிவதற்குள் அவரே படித்தார்.

"அம்பத்தஞ்சு எண்ணூறு. இருநூறு கிராம் கொறையுது. மெஷின் சரியா இருக்கு, பாத்துட்டேன்."

வாசலில் நின்ற வீட்டுக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டார். அரிச்சந்திரனுக்கு வாழ்க்கைப்பட்டால் இப்படித்தான்.

டாக்டர் முள்ளைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை மாடிக்கு யார் தூக்கிட்டு வந்தா?"

"நான்தான். ஏன்?"

டாக்டர் மேசையில் தயாராக இருந்த அட்மிஷன் காகிதத்தை எடுத்து, நிதானமாக நான்காகக் கிழித்தார். "இருநூறு கிராமை வீட்டுல போய்ப் போட்டுக்குங்க."

கிளம்பும்போது, வந்ததுக்கு இருக்கட்டும் என்று வீட்டுக்காரம்மாவும் தராசில் ஏறினார். ஆறு வாரம், ஆறு வேளை, துணைக்குச் சாப்பிட்டவர். முள் துள்ளி எழுந்து, ஆடி, நாலு கிலோ கூடுதலாகப் போய் நின்றது.

"இது சரியில்ல," என்றார் அந்தம்மா. "சீல் போட்டது யாரு?"

மில்லி, எழுபது வயதில் இப்படியும் ஒரு பசியா என்று, கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவர்போல, அந்தம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.