கிழியாத டிக்கெட்

அந்த மாலைப் பத்திரிகையில் சனிக்கிழமைதோறும் சினிமா விமர்சனம் எழுதிவந்தவருக்கு அலுவலகம் வைத்த பெயர் ‘சுமார்’. இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் பார்த்த ஆயிரத்துச் சொச்சம் படங்களில் முக்கால்வாசிக்கு அவர் அளித்த தீர்ப்பு அந்த ஒரு சொல்தான். மகா மட்டமான படத்தை யார் வேண்டுமானாலும் திட்டிவிடலாம். உன்னதமான படத்தைப் பாராட்ட அதைவிடக் குறைந்த மூளை போதும். நல்லதும் இல்லாமல் கெட்டதும் இல்லாமல் இரண்டரை மணி நேரம் ஓடி முடியும் ஒன்றைப் பற்றி வாரம் தவறாமல் நானூறு சொற்கள் எழுதத்தான் தவம் வேண்டும். அந்தத் தவம் அவரிடம் இருந்தது.

சந்தேகமும் இருந்தது. இலவச அனுமதிச் சீட்டு வந்தால் திருப்பி அனுப்பிவிட்டுச் சொந்தக் காசில் டிக்கெட் எடுப்பார். இடைவேளையில் யாராவது டீ வாங்கிக் கொடுத்தால், இது எந்தத் தயாரிப்பாளரின் டீ என்று விசாரிப்பார். ஓர் இயக்குநர் இரு கைகளாலும் கைகுலுக்கினார் என்பதற்காக அவர் படத்தை இரண்டாம் முறை போய்ப் பார்த்து, முதல் முறை எழுதிவைத்த நல்ல வார்த்தை ஒன்றை அடித்துவிட்டு வந்தார்.

எல்லாரையும்விட அவர் அதிகம் சந்தேகப்பட்டது தன் மனத்தைத்தான். கதாநாயகி அழுதால் மனமும் சேர்ந்து அழுகிறது, சாப்பாடு சரியில்லை என்றால் நல்ல படத்தையும் கரித்துக்கொட்டுகிறது, அதை எப்படி நம்புவது? ஆகவே அவர் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு படம் பார்ப்பார். எங்கே சலிப்புத் தட்டுகிறதோ அங்கே விரல் தானாக டிக்கெட்டின் ஓரத்தில் ஒரு கிள்ளுக் கிள்ளும். வீட்டுக்கு வந்து கிள்ளல்களை எண்ணுவார். ஐந்துக்குள் என்றால் நல்ல படம். பதினைந்து வரை சுமார். அதற்குமேல் ஏமாற்றம். எண்ணிய டிக்கெட்டை நோட்டில் ஒட்டி, தேதி போட்டு, அதற்குப் பிறகுதான் பேனாவைத் திறப்பார். அப்படிப்பட்ட பதினேழு நோட்டுகள் அலமாரியில் இருந்தன. தெரியாதவர் திறந்து பார்த்தால், யாரோ ஒருவர் கரப்பான்பூச்சியின் வாழ்க்கை வரலாற்றைத் தொகுக்கிறார் என்று நினைப்பார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் மச்சான் வழியாகச் சோதனை வந்தது. மனைவியின் தம்பி எட்டு ஆண்டுகள் இன்னொருவரிடம் உதவியாளனாக இருந்துவிட்டு, முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு படத்துக்குப் படத்தொகுப்புச் செய்திருந்தான். அதுவும் வெள்ளிக்கிழமை வெளியானது. மனைவி சிபாரிசு எதுவும் செய்யவில்லை. “உங்களுக்கு எது சரின்னு படுதோ அதை எழுதுங்க” என்று மட்டும் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருடங்களில் இவர் கேட்ட வாக்கியங்களிலேயே சந்தேகத்துக்குரியது அதுதான். கிளம்பும்போது, திரும்பி வரும் வழியில் சலவைக் கடையில் ஜன்னல் திரைச்சீலைகளை வாங்கி வரச் சொல்லி, ரசீதைச் சட்டைப் பையில் மனைவியே வைத்துவிட்டார்.

காணாமல்போன தகப்பனை மகன் தேடும் கதை. மகன் தேடினான், தேடினான், இடைவேளை விட்டார்கள், மறுபடியும் தேடினான். படம் முடிந்து வெளியே வந்தபோது சலவைக் கடை பூட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து சட்டைப் பையில் கைவிட்டு டிக்கெட்டை எடுத்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

டிக்கெட்டில் ஒரு கிள்ளல்கூட இல்லை.

விளக்கடியில் வைத்துப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். தியேட்டரில் கொட்டாவி விட்டதாக ஒரு ஞாபகம் இருந்தது. விரல் அசைந்ததாகவும் ஒரு ஞாபகம். ஆனால் ஞாபகமும் மனத்தின் கட்சிதானே? மச்சான் என்பதால் உள்ளுக்குள் இருக்கும் பொறாமை படத்தை மட்டம் தட்டப் பார்க்கிறது என்று அவர் தன்மீதே குற்றம் சாட்டிக்கொண்டார். காகிதத்துக்கு மச்சான் கிடையாது. எனவே, தன் வாழ்நாளில் முதல்முறையாக, “கண் சிமிட்ட விடாத படம். குறிப்பாகப் படத்தொகுப்பு” என்று எழுதிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வரி சுவரொட்டிகளில் ஏறியது. மச்சான் போனில் அழுதான். மனைவி இரண்டாவது காபியைக் கேட்காமலே கொண்டுவந்து வைத்தார்.

திங்கட்கிழமை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் விமர்சனப் பக்கம் கிடந்தது. ஒரு பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.

“யாருங்க இது, படத்தொகுப்பு?”

“என் மச்சான் சார்.”

“முன்னாடியே சொல்லணும்னு தோணலையா?”

“திட்டத்தான் போறேன்னு நெனச்சேன் சார். திட்டறதுக்கு எதுக்கு முன்கூட்டிச் சொல்லணும்?”

இவர் கையோடு கொண்டுவந்திருந்த பதினேழாம் நோட்டைத் திறந்து, கிள்ளல் கணக்கை விளக்கி, ஒட்டியிருந்த கிழியாத டிக்கெட்டைப் பிரித்துக் காட்டினார். ஆசிரியர் அதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். முன்பின் தெரியாதவர் நீட்டிய ஐந்நூறு ரூபாய் நோட்டைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் தூக்கியும் பார்த்தார். கடைசியில், இந்தத் தடவை நம்புவதாகவும், இதில் சின்னப் பிசகு தெரிந்தாலும் பக்கம் கைமாறிவிடும் என்றும், ராசிபலன் எழுதுகிறவர் ரொம்ப நாளாக இன்னொரு பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றும் சொல்லியனுப்பினார்.

அன்று மாலை சலவைக் கடைக்குப் போனார். சட்டைப் பையிலிருந்த ரசீதை எடுத்து நீட்டினார். கடைக்காரர் அதை வாங்கி மேசையில் வைத்து நீவிவிட்டார்.

“வீட்டுல எலித் தொல்லையா சார்?”

“ஏன்?”

“நம்பர் இருந்த மூலையே காணோம். சுத்தி வர கடிச்சு வச்சிருக்கு.”

நம் விமர்சகர் குனிந்து பார்த்தார். அது எலி அல்ல. எந்த எலி அப்படிச் சீராகக் கடிக்கும்? இருபத்திரண்டு ஆண்டு பழகிய கை அது. இருட்டில் பைக்குள்ளிருந்து டிக்கெட்டுக்குப் பதிலாக ரசீதை எடுத்துக் கையில் பிடித்திருக்கிறார். நின்ற இடத்திலேயே எண்ணினார். பதினொன்று.

படம் சுமார்.

நம்பர் இல்லாத ரசீதுக்குத் துணி தருவதில்லை என்று கடைக்காரர் பிடிவாதம் பிடித்தார். திரைச்சீலையின் நிறம், பூப்போட்டதா கட்டம் போட்டதா, ஓரத்தில் கறை இருந்ததா என்று போலீஸ் மாதிரிக் கேள்வி கேட்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, அரைமனத்தோடு மூட்டையைக் கொடுத்தார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தவருக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் எல்லாருக்கும் க்ஷேமம். ஆசிரியர் நம்பிவிட்டார், மச்சானுக்கு அடுத்த படம் கிடைத்துவிடும், காபி தொடரும். வாயைத் திறந்தால் பக்கம் போகும், வீடு இரண்டாகும்.

மறுநாள் காலை மூன்று வரிகள் எழுதி ஆசிரியர் மேசையில் வைத்தார். “சென்ற சனிக்கிழமை விமர்சனத்தில் பிழை நேர்ந்துவிட்டது. சலிப்பு வேறொரு காகிதத்தில் பதிவாகியிருந்தது. படம் சுமார்.”

ஆசிரியர் அதை இரண்டு முறை படித்தார்.

“எதிர்க் கம்பெனிக்காரன் எவ்வளவு குடுத்தான்?”

“யாரும் எதுவும் குடுக்கல சார். சலவை ரசீது சார்.”

“இதைப் போட்டா நீங்க விலைபோயிட்டதா ஊரே நெனைக்கும். போடலன்னா நான் நெனைப்பேன்.”

“போட்டுடுங்க சார்” என்றார் சுமார்.

போட்டார்கள். பக்கம் ராசிபலன்காரருக்குப் போயிற்று. அந்த வாரம் வெளியான படத்துக்கு அவர் ‘இரண்டாம் பாதியில் சற்று அலைச்சல், இறுதியில் ஆதாயம்’ என்று எழுதினார். வாசகர்கள் வித்தியாசம் கண்டுபிடித்ததாகத் தகவல் இல்லை. நம்மவரை இரங்கல் விளம்பரங்களில் பிழை திருத்த உட்காரவைத்தார்கள். அங்கே பாராட்டு மட்டும்தான் வரும் என்பதால், ஒவ்வொரு விளம்பரத்தையும் அவர் ஆழ்ந்த சந்தேகத்தோடு படித்தார்.

வீட்டில் காபி ஒன்றானது. பிறகு அதையும் அவரே போட்டுக்கொள்ள வேண்டியதானது. பொறாமை என்றார் மாமியார். தம்பி வளர்ந்தால் யாருக்குத்தான் பொறுக்கிறது என்று மனைவி சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பத்து நாள் கழித்து மச்சான் வந்தான். நேராகக் கூடத்தில் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். அடிக்க வந்திருக்கிறானா, அழ வந்திருக்கிறானா என்று தெரியாமல் இவர் கையைக் கட்டிக்கொண்டார். அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“மாமா, டிக்கெட்டு ரசீதெல்லாம் விடுங்க. உங்களுக்கு எங்க போரடிச்சுது?”

எண்ணிக்கை தெரியும். இடம் தெரியாது. இத்தனை ஆண்டுகளில் எங்கே என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. எழுதும்போது ‘இரண்டாம் பாதியில் தொய்வு’ என்று போட்டுவிடுவார், எல்லாப் படத்துக்கும் அது பொருந்தும். இப்போது நோட்டைத் திறந்து பயனில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒருநாளும் நம்பாத அந்த மனத்தைக் கேட்டுப் பார்த்தார்.

“அந்த பஸ் ஸ்டாண்டு” என்றார். “அப்பா மாதிரி ஒருத்தர் பஸ்ஸ விட்டு இறங்கறார். அவர் இல்லன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுடுச்சு. உங்காளு அதுக்கப்புறமும் நாலு பஸ் பாக்கறான்.”

மச்சான் அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

“நான் ஒரு பஸ்ஸோட வெட்டிட்டேன்க்கா. டைரக்டர் கேக்கல, திரும்பச் சேர்க்க வெச்சுட்டாரு.”

நிஜமாகச் சொல்கிறானா, மாமாவின் மனம் நோகக்கூடாதென்று சொல்கிறானா என்று சுமார் அவன் முகத்தையே உற்றுப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

“வேற எங்க?” என்று கேட்டபடி மச்சான் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப்போட்டுக்கொண்டான். மனைவி வாசற்படியைவிட்டு நகராமல், தம்பியையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.