எத்திராஜ் போடாத பந்துகள்

திருப்பாலைவனத்தில் விளைச்சலைக் கணக்கெடுக்க ஒரு வயலின் மூலையில் கயிறு கட்டி, கயிற்றுக்குள் இருந்த நெல்லை மட்டும் அறுத்து முடித்திருந்தோம். அடித்துத் தூற்றி எடை போட வேண்டியதுதான் பாக்கி. அப்போது துரைசாமி அண்ணனிடமிருந்து போன் வந்தது. அவர் எங்கள் கோட்டைக்குப்பம் கிரிக்கெட் டீமின் கேப்டன். டீம் கலைந்து பல வருடம் ஆகிவிட்டது, அவர் மட்டும் இன்னும் கேப்டன்தான். "எத்திராஜு பூட்டான்பா," என்றார். "டயாலிசிஸுக்கு இட்டுனு போவ ஆட்டோ வந்து நின்னுக்கினு இருந்துச்சு. இவன் எய்ந்திருக்கல. நீ வந்துடு."

எடையைக் குறிக்காமல் வயலை விட்டு வரக்கூடாது என்பது எங்கள் புள்ளியியல் வேலையில் விதி. குறித்தேன். எழுதியது சரிதானா என்று கூட இருந்தவரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டேன், என் கண்ணை நான் நம்பவில்லை. பிறகு காலில் சேறோடு பஸ் ஏறிப் பழவேற்காட்டில் இறங்கி, பக்கத்திலிருக்கும் எங்கள் கோட்டைக்குப்பத்துக்கு வந்தேன்.

எங்கள் பக்கத்து ஊர்களுக்குள் வருடா வருடம் நடக்கும் கிரிக்கெட் டோர்னமெண்டின் மலரில் போடுவதற்கு, எத்திராஜைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள் அதை நடத்தும் கமிட்டிக்காரர்கள். ஒரு பக்கம் போதாது. இதைப் படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அவனோடு ஆடியவர்கள், மீதிப் பேர் அவனிடம் அவுட் ஆனவர்கள். ஆனாலும் மலர் வெளியூருக்கும் போகும் என்பதால் சொல்லிவிடுகிறேன். எத்திராஜ் இடது கையால் பந்து போடுபவன். செருப்பில்லாமல் ஓடி வருவான். விடியற்காலையில் ஏரியில் இறால் வலை, மாலையில் மைதானம். பேட்டிங் அவனுக்கு வராது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றுவான், பந்து பட்டால் அது பந்தின் குற்றம். அம்பயரோடு சண்டை போடாத மேட்ச் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் யார் செருப்பையாவது மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். நான் அவனுக்கு விக்கெட் கீப்பர்.

எங்கள் மைதானம் டச்சுக்காரர்களின் கல்லறைக்குப் பக்கத்தில் இருந்தது. மதிய வெயில் தாழும்வரை அந்தச் சுவரின் நிழலில்தான் உட்கார்ந்திருப்போம். ஒருநாள் எத்திராஜ் உள்ளே போய் ஒரு கல்லில் வெட்டியிருந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தான். "செத்து எவ்ளோ காலம் ஆவுது, எங்கியோ பொறந்தவன் பேரு இன்னும் அப்டியே கீதுபா," என்றான். "நம்ம ஸ்கோரு நோட்டு ஒரு மழைல நனைஞ்சா பூட்ச்சு." நாங்கள் சிரித்தோம். அவனும் சிரித்தான். மற்றவர்கள் மைதானத்துக்கு எழுந்து போன பிறகும் அவன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

இனி எங்கள் டீமின் வழக்கத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் பக்கத்தில் ஏரியில் வலை கட்ட முறை உண்டு. அதைப் பாடு என்போம். நல்ல இறால் விழுகிற இடம் எப்போதும் ஒரே வீட்டுக்குப் போகாது. இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு இன்னொரு வீடு. முறை வந்த நாளில் வலையில் ஒன்றும் விழவில்லையென்றால் அது அவரவர் அதிர்ஷ்டம். துரைசாமி அண்ணன் அந்தப் பாடு முறையைத் தீர்மானிக்கிற ஊர்க் கூட்டத்தில் உட்காருகிறவர். அந்த நியாயத்தை அப்படியே கிரிக்கெட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். பத்து ஓவர் மேட்ச். கீப்பரைத் தவிர்த்தால் பத்துப் பேர். ஆளுக்கு ஒரு ஓவர். யார் எந்த ஓவர் என்பதற்குச் சீட்டு எழுதி என் தொப்பியில் போட்டுக் குலுக்குவார். உலகத்தில் வேறு எந்த டீமாவது இப்படி ஆடியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. பந்து போடவே தெரியாதவனுக்கும் ஒரு ஓவர், எத்திராஜுக்கும் ஒரு ஓவர்.

பழவேற்காட்டு டீமில் நசீர் இருந்தான். நல்ல வேகம், நல்ல உயரம். அவர்கள் அவனுக்கு மேட்சுக்கு மூன்று ஓவர் கொடுப்பார்கள். எப்போது வேண்டுமோ அப்போது வந்து போடுவான். ஒரு வருடம் இறுதி ஆட்டத்தில் அவர்களோடு மோதினோம். சீட்டில் எத்திராஜுக்கு முதல் ஓவர் வந்தது. அதில் அவர்களுடைய முதல் இரண்டு பேரும் போனார்கள். கடைசி ஓவர் செல்வத்துக்கு விழுந்திருந்தது. செல்வம் நல்ல பையன், ஆனால் அவன் போடுகிற பந்து ஸ்டம்பைப் பார்த்து வராது. அவர்கள் ஜெயிக்க இன்னும் நிறைய ரன் வேண்டியிருந்தது. கரையில் நின்ற அத்தனை பேரும் "எத்திராஜாண்ட குடு" என்று கத்தினார்கள். துரைசாமி அண்ணன் அசையவில்லை. "மொறன்னா மொறதான். இன்னிக்கு மாத்திட்டா நாளைக்கு ஏரில இன்னா பேசுவ?" என்றார். செல்வம் போட்டான், தோற்றோம். செல்வம் சுவரோரமாக முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தபோது எத்திராஜ்தான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். "வலைல மீனு படலன்னா வலைய இன்னாத்துக்குடா திட்டுவ? எய்ந்திரு," என்றான்.

எங்கள் மைதானத்தில் கடற்காற்று ஒரு பக்கமாகவே அடிக்கும். எல்லோரும் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போடத்தான் பார்ப்பார்கள். எத்திராஜ் மட்டும் எதிர்ப்பக்கத்தைக் கேட்டு வாங்குவான். நான் ஒருமுறை காரணம் கேட்டேன். "காத்து எதுருல இருந்தா பந்து தயங்கும்பா. பந்து தயங்குனா பேட்டு அவசரப்படும்," என்றான். டென்னிஸ் பந்தைப் பற்றி நான் கேட்ட நல்ல பேச்சு அது ஒன்றுதான்.

பிறகு டீம் கலைந்தது. சிலர் காட்டுப்பள்ளி துறைமுக வேலைக்குப் போனார்கள். நான் அரசு வேலைக்குப் போனேன். எத்திராஜ் ஏரியிலேயே இருந்தான். சர்க்கரை நோய் முதலில் அவன் கால் விரலைக் கேட்டது, பிறகு சிறுநீரகத்தைக் கேட்டது. அந்தச் சமயத்தில்தான் கமிட்டிக்காரர்கள் மைதானத்தில் ஒரு பலகை வைக்க முடிவு செய்தார்கள். டோர்னமெண்ட் தொடங்கிய நாளிலிருந்து வந்த பந்துவீச்சாளர்களில் சிறந்தவன் பெயர் அதில் இருக்கும். யார் அதிக விக்கெட் எடுத்தானோ அவனே சிறந்தவன் என்பது விதி. எண்ணிப் பார்க்கவே தேவையில்லை, அது நசீர்தான்.

எத்திராஜ் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினான். போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தான், இடது கை டயாலிசிஸ் ஊசி பட்டுப் புடைத்துக் கிடந்தது. "போர்டுல அவன் பேரு போடட்டும், எனக்கு ஒன்னும் இல்ல," என்றான். அது பொய் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பிறகு, "எனக்கு ஒன்னே ஒன்னு தெரியணும்பா. நான் மெய்யாலுமே நல்ல பௌலரா? இல்ல, நானா நெனச்சிக்கினு இருந்துட்டனா? நீ கணக்கு டிபார்ட்மெண்ட்டு தான. போட்டுச் சொல்லு. சீக்கிரம் சொல்லு," என்றான்.

கமிட்டியில் இருந்த ஸ்கோர் நோட்டுகளை வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்தேன். மொத்த மூட்டையை வைத்து விவசாயியை எடை போடக் கூடாது, ஏக்கருக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இது என் தொழிலில் முதல் பாடம். மொத்த விக்கெட்டை விட்டுவிட்டு, எத்தனை பந்துக்கு ஒரு விக்கெட், ஓவருக்கு எவ்வளவு ரன் என்று இரண்டு பேருக்கும் போட்டேன். இரண்டிலும் எத்திராஜ் முன்னால் நின்றான். அதோடு இன்னொன்றும் கண்டேன். நசீர் பல மேட்சுகளில் கடைசி ஆட்கள் ஆடும்போது வந்து விக்கெட்டை அள்ளியிருந்தான். அது தப்பில்லை, அவர்கள் திட்டம் அது. எத்திராஜுக்கோ சீட்டு எப்போது அழைத்ததோ அப்போது எதிரே நின்றவனுக்குத்தான் போட வேண்டியிருந்தது. நாங்கள் எந்த வயலில் கயிறு கட்டுவது என்று பாரபட்சமில்லாமல் எண் எடுத்துத் தேர்ந்தெடுக்கிறோமே, துரைசாமி அண்ணனின் தொப்பிச் சீட்டும் அதே மாதிரிதான். அதனால் எத்திராஜின் கணக்கில் கலப்படமில்லை. நோட்டை மூடிவிட்டு உடனே ஓடிப் போய் அவனிடம் சொல்லலாம் என்று எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால் மேட்சுக்கு ஒரு ஓவர்தான். கலப்படமில்லை, ஆனால் கைப்பிடி அளவுதான் இருக்கிறது. ஒரு பாத்தி நெல்லை நிறுத்து ஊர் விளைச்சலைச் சொல்ல முடியாது. இரண்டு மூன்று நல்ல மாலைகள் அமைந்திருந்தாலே அவனுக்கும் நசீருக்கும் இடையில் அவ்வளவு வித்தியாசம் வந்துவிடும். அதை மறைத்து அவனிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. கேட்டவன் ஆறுதல் கேட்கவில்லை, கணக்குக் கேட்டான்.

போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். முன்னால் நிற்கிறாய், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது, நீ போட்டது கொஞ்சம் என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அப்போ போடாத பந்துக்குக் கணக்கே இல்லியா?"

"இல்லபா."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். வெளியே அவன் மனைவி கலா நண்டு கழுவுகிற சத்தம் கேட்டது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். அப்போது திரும்பாமலே கேட்டான்: "சரி, ஆபீசரு சொல்ட்டாரு. கீப்பரு இன்னா சொல்றாரு?"

இதை யாரும் என்னிடம் அதுவரை கேட்டதில்லை. "மத்தவன் போடும்போது நான் ஏரில கொக்கு பாத்துக்கினு நிப்பேன்டா," என்றேன். "நீ போடும்போது கண்ணு சிமிட்டுனதில்ல. நசீரு பந்த நான் ஆடிகீறேன். வேகம், அவ்ளோதான், எங்க வரும்னு தெரியும். உன் பந்து எனக்கே தெரியாது. ஸ்டம்புக்குப் பின்னாடி நிக்கறப்ப, நல்லவேளை நான் முன்னாடி நிக்கலன்னு ஒவ்வொரு தபாவும் நெனப்பேன். இந்தக் கரையில உன்ன மாதிரி ஒருத்தன் பந்து போட்டு நான் பாக்கல."

"இன்னொரு தபா சொல்லு," என்றான். சொன்னேன். "கலா, இங்க வா. இவன் இன்னா சொல்றான்னு கேளு," என்று கூப்பிட்டான். அவள் ஈரக் கையோடு வந்து வாசற்படியில் நின்றாள். அவளிடமும் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. "இத்தினி வருசமா இத்த ஒருத்தரும் வூட்டாண்ட வந்து சொல்லலியேண்ணா," என்றாள். "மேட்ச் முடிஞ்சா எறா கீதா, நண்டு கீதான்னு கேட்டுக்கினு வருவாங்க. இவரு பந்த பத்தி யாரு இன்னா பேசுனாங்க? தண்டமா போயி வெயில்ல காயறாருன்னு நான் வஞ்சிக்கினு இருந்தேன்." எத்திராஜ் சிரித்தான், பிறகு அழுதான். நானும் அழுதேன் என்பதை மறைக்க ஒன்றுமில்லை.

கமிட்டிக்கும் என் கணக்கைக் கொண்டுபோனேன். பொறுமையாகக் கேட்டார்கள். கூட்டினால் வருகிற எண்தான் ஜனங்களுக்குப் புரியும் என்றார்கள். பலகையில் நசீர் பெயர் ஏறியது. நசீர் மறுநாளே பிரியாணிப் பொட்டலத்தோடு எத்திராஜைப் பார்க்கப் போனான். உப்புச் சாப்பிடக் கூடாது, அதையும் இதையும் தொடக் கூடாது என்று கலா சொன்னதும், பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தானாம். மழையைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் பேசினார்களாம். பந்தைப் பற்றிப் பேசவில்லை.

அவன் இறந்த அன்று நான் சேற்றுக் காலோடு போய் நின்றபோது தெரு நிறைய ஆட்கள். எங்கள் டீமில் உயிரோடிருக்கும் எல்லோரும் வந்திருந்தார்கள். பழவேற்காட்டு டீமும் வந்திருந்தது. செல்வம் துறைமுகத்திலிருந்து வேலை உடுப்போடே வந்து காலடியில் உட்கார்ந்திருந்தான். நசீர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அவனாண்ட மட்டும் மூணு ஓவரு குடுத்துருந்தா எங்க டீமு ஒரு கப்பு வாங்கியிருக்காது. இத்த அவனாண்ட சொல்லணும்னு தான் அன்னிக்குப் போனேன்," என்றான். பாடை தூக்கும்போது துரைசாமி அண்ணன், "ஓவரு என் கைல நெறய வச்சிருந்தேன், அவனுக்குத் தரல," என்றார். ஒருவர் விடாமல் வந்து என்னிடம் சொன்னார்கள், அவனைப் போல ஒருவன் இல்லை என்று. கலா உள்ளே இருந்தாள், அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

இன்றைக்கும் என்னிடம் கேட்டால், ஆபீசராக என் பதில் மாறாது. உறுதியாகச் சொல்லப் போதுமான பந்துகளை அவன் போடவில்லை. ஆனால் அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என் கணக்கு அல்ல. கணக்கை முழுதாகக் கேட்டுவிட்டு, சுவரைப் பார்த்தபடியே அவன் கேட்டானே ஒரு கேள்வி, அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அவன் உயிரோடிருந்தபோது உங்களில் யாராவது அவன் முகத்தைப் பார்த்து, நீ நல்ல பௌலர் என்று ஒருமுறையாவது சொல்லியிருந்தால், தயவுசெய்து கலாவிடம் போய் அதைச் சொல்லுங்கள். கருமாதிக்குப் போயிருந்தேன். "வேற யாருனா சொன்னாங்களாண்ணா?" என்று கேட்டாள்.