ஐரிஷ் பஞ்சாங்கம்

எங்கள் வீட்டில் அயர்லாந்துக்கென்று ஒரு அலுமாரி இருந்தது. ஒஸ்லோவின் ரொம்சோஸில் இரண்டு அறை வீடு. என்னுடைய சேலைகள் கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குள் மடிந்து கிடக்க, டப்ளின் கலகமும் லண்டன் ஒப்பந்தமும் பெல்பாஸ்ட் சமாதானமும் புத்தகங்களாகக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சுகமாக நின்றன. என் கணவர் வேலை நேரத்தில் பஸ் ஓட்டுவார். மற்ற நேரமெல்லாம் ஐரிஷ்காரரோடுதான் குடித்தனம்.

அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஊரில் சண்டை நின்று, நோர்வே நடுவில் நின்று இரண்டு பகுதியையும் பேச வைத்த காலம் அது. ஒஸ்லோவில் இருந்த தமிழர் எல்லோரும் ஒரே நாளில் அரசியல் அறிஞர் ஆகிவிட்டார்கள். ஆனால் சொந்தக் கதையை வாய்விட்டுக் கதைக்க ஏலாது. இயக்கத்தைப் பற்றி ஒரு சொல் பிசகினால், அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் உங்களைக் கண்டும் காணாமல் போவார்கள். ஐரிஷ்காரனைப் பற்றி என்றால் எதையும் சொல்லலாம். அவனுக்காகக் கோபித்துக்கொள்ள எங்கள் கோயிலில் ஒருவரும் இல்லை.

இந்த வசதியைக் கண்டுபிடித்தவர் கணவரின் சிநேகிதர். லில்லெஸ்ட்ரோமில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வருவார், என் ஆட்டிறைச்சிக் கறியைச் சாப்பிடுவார், என் கணவரோடு சண்டை பிடிப்பார். சண்டை எப்போதும் ஒன்றேதான். இப்போது எங்கள் நாடு ஐரிஷ்காரரின் எந்த வருடத்தில் நிற்கிறது?

கணவருக்கு அது 1998. இரண்டு பகுதியும் களைத்துப்போய், வெளியாள் ஒருவரை நடுவில் வைத்துக் கையெழுத்துப் போட்ட வருடம். சிநேகிதருக்கு அது 1922. லண்டனுக்குப் போய் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்து வந்த தலைவனை, அவனுடைய ஆட்களே, அவனுடைய சொந்த மாவட்டத்திலேயே வழிமறித்துச் சுட்ட வருடம். அண்ணன் ஒரு பக்கம் தம்பி ஒரு பக்கம் என்று நின்ற வருடம்.

"தன்ர ஆளையே சுட்டவங்கள். வெள்ளைக்காரன் போனாப் பிறகு சொந்தச் சனத்துக்குத்தான் அடி," என்பார் சிநேகிதர், எலும்பை உறிஞ்சிக்கொண்டே.

"அது பழங்கதை. அவங்கள் பிறகு படிச்சிட்டாங்கள்," என்பார் என் கணவர்.

யாரைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும், சுவருக்கும் தெரியும். கலியாணப் பொருத்தம் பார்க்கிற மாதிரி இரண்டு நாட்டின் சாதகத்தையும் மேசையில் விரித்து வைத்திருந்தார்கள். நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் ஒரேயொரு கவலைதான் இருந்தது. என் தங்கை கிளிநொச்சியில் இருந்தாள்.

அவளுடைய கணவர் முந்தியே ஷெல்லடியில் போய்விட்டார். அவளும் ஒரு மகளும் மட்டும். எனக்குப் பிள்ளையில்லை, ஆகவே அந்தப் பெறாமகள்தான் எனக்கும் பிள்ளை. 2003 கோடையில் பாதை திறந்திருந்தபோது நாங்கள் போய்ப் பார்த்தோம். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. முன்பற்களுக்கு நடுவே ஓர் இடைவெளி. கேள்வி கேட்கத் தொடங்கினால் நிறுத்த மாட்டாள்.

என் கணவருக்கு வேறென்ன வேண்டும். முற்றத்தில் கதிரையைப் போட்டு, வந்த களை ஆறுமுன்னமே டப்ளினைத் தொடங்கிவிட்டார். தன்னுடைய 1998ஐயும் சிநேகிதரின் 1922ஐயும் தங்கைக்குச் சொல்லிச் சிரித்தார். பதினெட்டு வயது மாணவன் ஒருவன் துவக்கோடு பிடிபட்டதையும், வெள்ளைக்காரர் அவனைத் தூக்கிலே போட்டதையும், அவன் கடைசிவரை ஒருவரையும் காட்டிக்கொடுக்காததையும் அவர் சொன்ன விதத்தில், பக்கத்து வீட்டுக்காரரும் வேலியடிக்கு வந்து நின்றார்கள். தங்கை தேத்தண்ணீரோடு நின்று கேட்டாள். பெறாமகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பெரியப்பா, அவற்ர அம்மா பிறகு என்ன செய்தவ?" என்று கேட்டாள்.

"அது புத்தகத்தில இல்லை, பிள்ளை."

"ஏன் இல்லை?"

"வீட்டை போய்ப் பாத்துச் சொல்லுறன்," என்றார். பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவும் மாட்டாது.

2005 இலையுதிர் காலத்தில் ஐரிஷ் ஆயுதக்காரர் கடைசித் துவக்கையும் கைவிட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. கணவர் கடைக்குப் போய்க் கிரீம் கேக் வாங்கிவந்தார். எங்கள் கலியாண நாளுக்குக்கூட அவருக்குக் கேக் நினைவு வந்ததில்லை. சிநேகிதர் இரண்டு துண்டு தின்றார். வாயைத் துடைத்துவிட்டு, "எங்களுக்கு இன்னும் இருபத்திரண்டுதான்," என்றார்.

அந்தக் கேக் செமிக்குமுன் ஊரில் நிலைமை கெட்டது. கிளைமோர்க் கண்ணி வெடித்தது, ஆட்கள் காணாமல் போனார்கள். 2006 தொடக்கத்தில் தங்கை எடுத்தாள். தொலைபேசிக் கடையில் பின்னால் ஆட்கள் நிற்பார்கள் என்பதால் எதையும் சுற்றி வளைத்துத்தான் கதைப்பாள். மகளுக்குக் கண் காட்ட வவுனியாவுக்குப் போக இயக்கத்தில் பாஸ் தருவார்களாம், போகட்டோ என்று கேட்டாள். போனால் திரும்ப மாட்டாள், கொழும்பு, பிறகு திருச்சி, அதுதான் அவள் கேட்டது. நான் உடனே போ என்றேன். இண்டைக்கே போ என்றேன்.

"அத்தானிட்டக் குடுங்கோ அக்கா."

பெரிய முடிவென்றால் அவளுக்கு அத்தான்தான் சொல்ல வேண்டும். படித்த மனிதர், உலகம் தெரிந்தவர். நான் இங்கே பாலர் காப்பகத்தில் பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டிவிடுகிறவள்.

"அவசரப்படாதை," என்றார் அவர். "ஐரிஷ்காரருக்கும் கையெழுத்து வைச்சாப் பிறகு எத்தினை தரம் குழம்பினது. குண்டும் வெடிச்சது. ஏழு வருஷம் பொறுத்துத்தான் சரிவந்தது. காணி பூமியை விட்டிட்டு இந்தியாவில போய் அகதியா நிண்டு என்ன செய்யப்போறாய்? கண்ணை ஆறுதலாக் காட்டலாம்."

போனை வைத்ததும் நான் வெடித்தேன். "ஐரிஷ்காரன்ர பஞ்சாங்கத்தில என்ர தங்கச்சிக்கு நாள் பாக்காதேங்கோ. திருப்பி எடுங்கோ. போகச் சொல்லுங்கோ."

"உனக்குச் சரித்திரம் விளங்காது."

கெஞ்சினேன். சாப்பாடு வைக்காமல் விட்டுப் பார்த்தேன். நானே எடுத்துச் சொன்னபோது தங்கை, "அத்தான் பொறுக்கச் சொன்னவரல்லோ," என்றாள். ஆவணி மாதம் பாதையை மூடினார்கள். பாஸும் நின்றது, கண் காட்டுவதும் நின்றது.

பிறகு வந்த இரண்டு வருடம் எப்படிப் போயிற்று என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வேலைக்குப் போனேன், வந்தேன். காப்பகத்தில் யாராவது ஒரு குழந்தை முன்பல் விழுந்து சிரித்தால், கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். கணவர் அலுமாரியைத் திறந்து திறந்து வருடங்களைத் தேடினார். சிநேகிதர் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

2008இல், வெளியே முதல் பனி கொட்டிக்கொண்டிருந்த நாளில், தங்கை எடுத்தாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பின்னால் ஆட்களின் சத்தம் கேட்டது.

"அக்கா, அத்தானிட்டச் சொல்லுங்கோ, அவற்ர வருஷம் பிழை. சிநேகிதர் சொன்ன வருஷம்தான் இஞ்சை. எங்கட வீட்டுக்கே வந்திட்டுது."

"பிள்ளை?"

"வீட்டில இல்லை, அக்கா."

வீட்டுக்கு ஒருவர் என்று வந்து சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஆமி அல்ல. எங்கள் ஆட்கள். பதினேழு வயது, ஒரேயொரு பிள்ளை. அதைக்கூட வாய்விட்டுச் சொல்லி அழ முடியாமல், செத்துப்போன ஐரிஷ்காரரைக் கூப்பிட்டு வந்து அவர்கள் வாயால் சொன்னாள்.

அன்று அலுமாரியை நான் காலி பண்ணினேன். புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக நிலக்கீழ் அறைக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். தடுப்பார் என்று நினைத்தேன். தடுத்திருந்தால் அடித்திருப்பேன், அவ்வளவு ஆத்திரம் எனக்கு இருந்தது. அவர் மற்றப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் படியிறங்கினார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் என் சேலைகளை அடுக்கினேன்.

அடுத்த வசந்தத்தில் எல்லோரும் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றோம். யுத்தத்தை நிறுத்துங்கள் என்று நோர்வே மொழியில் கத்தினோம். வேலையிலிருந்து போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ரயிலுக்குப் போனார்கள். சிநேகிதரும் வந்து என் கணவருக்குப் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் ஒரு வருடத்தையும் சொல்லவில்லை. சொல்ல ஒரு வருடமும் மிச்சமில்லை. மே மாதம் எல்லாம் முடிந்தது. தங்கை உயிரோடு இருக்கிறாளா என்று சொல்ல ஒருவரும் இல்லை. தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு சோறு தின்றேன், தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தேன்.

வவுனியா முகாமிலிருந்து யாருடையதோ கைபேசியில் அவள் எடுத்தபோது நாங்கள் இரண்டு பேரும் வீட்டில்தான் இருந்தோம். அவள் உயிரோடு இருந்தாள். பிள்ளை இல்லை. கடைசிச் சண்டை நடந்த மாத்தளனில் கண்டவர்கள் சொன்னார்களாம், உடலைப் பதுங்குகுழிக்குள்ளேயே வைத்து மண்ணைத் தள்ளி மூடினார்களாம். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், அவள் பொறுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு, "அத்தானிட்டக் குடுங்கோ," என்றாள்.

அவர் தொலைபேசியை வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் இழுத்தார். நான் ஒலிபெருக்கியை அழுத்தி மேசையில் வைத்தேன்.

"அத்தான், அந்தத் தூக்கில போட்ட பெடியன்ர கதை. பிள்ளை உங்களிட்ட ஒரு கேள்வி கேட்டவ, நினைவிருக்கோ? அந்தத் தாய் பிறகு என்ன செய்தவ?"

ஐரிஷ் சரித்திரம் என்றால் வாய் ஓயாத மனிதர். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்த என் சேலைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாத்துச் சொல்லுறன்," என்றார் கடைசியில்.

"பாருங்கோ," என்றாள் தங்கை. "நான் போனை வைக்கேல்லை."