சுவரைப் பார்த்த சாட்சி

பல் செட் செய்கிறவருக்கு ஊரில் யாருடைய சிரிப்பு சொந்தச் சிரிப்பு, யாருடைய சிரிப்பு பட்டறைச் சிரிப்பு என்று தெரியும். தெரிந்து என்ன பயன்? மெழுகில் பல் பதித்து, பிளாஸ்டரில் வார்த்து, ஈறு நிறத்துக்குச் சாயம் சேர்த்து, கண்ணாடி மாதிரி மெருகேற்றுவது அவர். முன்னறையில் வாயைத் திறந்து பார்த்துவிட்டுக் கும்பிடு வாங்கிக்கொள்வது டாக்டர். "டாக்டர் கட்டின பல்லு, கல்லையும் கடிக்கலாம்" என்று யாராவது பேருந்தில் பீற்றிக்கொள்ளும்போது, பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நிற்பவர் இவராக இருப்பார். மெருகேற்றும் சக்கரத்தின் வெள்ளைத் தூசு மட்டும் காதோரம் ஒட்டியிருக்கும்.

வீட்டில் மனைவிக்கு அவர் "ஏங்க". மாடியில் குடியிருக்கும் அண்ணனுக்கு, ஐம்பது தாண்டியும், "டேய்". மனிதர்கள் எழுந்து நின்று அவரை அழைத்த இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று: டியூஷன் சென்டரின் மேலறை. அங்கே அவர் "சாட்சி".

மாதம் ஒரு ஞாயிறு மாலையில் அந்த அறையில் 'எல்லைக்கலம்' ரசிகர்கள் கூடுவார்கள். அது அவர்கள் சிறுவயதில் டிவியில் வந்த விண்வெளித் தொடர். கப்பல் அட்டைப்பெட்டி, வேற்றுக்கிரகம் மரத்தூள் என்று இப்போது பார்த்தால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் தலைக்கு ஒரு வழுக்கையும் பைக்கு ஒரு மாத்திரை அட்டையுமாக வருகிறவர்கள், சின்னப் பிள்ளைகளின் நாற்காலிகளில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்து, அந்த மரத்தூளின் அரசியலை அலசுவார்கள். தலைவர் ஒரு வக்கீல். கோர்ட்டில் வாய்தா கேட்க மட்டுமே வாய் திறப்பவர் என்று அவருக்குப் பெயர். இங்கே அவர் வாயை மூட வைக்கத்தான் ஆள் வேண்டும்.

தொடரில் 'கதவு' என்று ஒரு பகுதி. ஒரே ஒரு முறை ஒளிபரப்பானது. பிறகு நாடாவையே அழித்து, அதன்மேல் சமையல் நிகழ்ச்சி பதிந்துவிட்டார்கள். ஒளிபரப்பான அன்று ஊரெங்கும் மின்சாரம் இல்லை, பல் செட்காரரின் தெருவைத் தவிர. ஆகவே அவர் சாட்சி. அவர் சொன்ன கதை இது: நச்சுக்காற்று வீசும் கிரகம். கப்பலின் கதவு மூட வேண்டுமானால், வெளியே ஒருவர் நெம்புகோலைப் பிடித்தபடி நிற்க வேண்டும். எஞ்சினீயர் நிற்கிறான், வலது கை நெம்புகோலில். கப்பல் போய்விடுகிறது. அவன் கையசைக்கிறான். கப்பல் மறைந்த பிறகும் அசைத்துக்கொண்டே இருக்கிறான்.

இதைக் கேட்டு நர்ஸம்மா ஒருத்தி ஒவ்வொரு முறையும் அழுவாள். வக்கீல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை அவர் எழுதிய எந்த மனுவையும்விட நீளம்.

சாட்சி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. "அந்த எபிசோடு ஓடினப்போ நான் அந்த ரூம்லதான் இருந்தேன்" என்பார். இருந்தார். அண்ணன் உடைத்த கண்ணாடி ஜாடிக்காக அப்பா இவரைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்திருந்தார். டிவி முதுகுக்குப் பின்னால். வசனம் அப்போது புரியாத மொழி. அண்ணன்தான் படம் பார்த்துப் பார்த்துக் காதில் கதை சொன்னான். காது கேட்டதைக் கண் பார்த்ததாக அவரே நம்பிப் பல காலம் ஆகிவிட்டது.

இப்படியிருக்க, எங்கோ வேற்றூரில் யாரோ அன்று பதிந்து பரணில் போட்டிருந்த வீடியோ நாடாவிலிருந்து 'கதவு' கிடைத்துவிட்டது. வக்கீல் மடிக்கணினியோடு வந்தார். வாய்ப்பாடு ஒட்டிய சுவரில் படம் ஓடியது. எஞ்சினீயர் நெம்புகோலைப் பிடித்தான். நர்ஸம்மா கைக்குட்டையை எடுத்தாள். அவன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி நெம்புகோலை இழுத்துக் கட்டிவிட்டு, நழுவும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து உள்ளே ஏறினான். கப்பலில் எல்லோரும் சிரித்தார்கள். படம் முடிந்தது.

நர்ஸம்மாவுக்குக் கைக்குட்டையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"இது ஒரிஜினல் இல்ல. யாரோ வெட்டி ஒட்டியிருக்கான்" என்றார் வக்கீல், செத்த வீட்டில் பேசுகிற குரலில். எல்லோரும் திரும்பினார்கள். "சாட்சி, நீங்க சொல்லுங்க."

சாட்சி காதோரத் தூசைத் தட்டிவிட்டார். "விசாரிச்சுட்டு சொல்றேன்" என்றார்.

மறுநாள் அண்ணனின் டயர் கடைக்குப் போனார். அப்பாவின் கடை அது. தம்பிக்கு வியாபாரச் சாமர்த்தியம் போதாது என்று அண்ணனே முடிவுசெய்து, அண்ணனே எடுத்துக்கொண்டது.

"ஏண்ணே, அந்த ராக்கெட் படத்துல கடைசில அவன் தனியா நின்னான்னு சொன்னியே, நிஜமா நின்னானா?"

"எந்தப் படம்டா?" அண்ணன் வால்வில் எச்சில் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். விளக்கிச் சொன்ன பிறகு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததும் சிரிப்பும் வந்தது. "அட, அதுவா! அவன் டவுசர் அவுந்து ஓடிவந்தான்டா. நீ சுவத்தைப் பார்த்துட்டு கல்லுப் பிள்ளையார் மாதிரி அழாம உக்காந்திருந்தே. உன்னை அழ வைக்கணும்னு சும்மா அடிச்சு விட்டேன்."

"அழுதேனா?"

"குடம் குடமா!"

பல் செட்காரர் பட்டறைக்குத் திரும்பினார். பல் கடித்துப் பார்க்கும்போது மேலும் கீழும் அடியோடு பொருந்தாவிட்டால், தேய்த்துச் சரிசெய்யக் கூடாது, உடைத்துவிட்டு முதலிலிருந்து செய்ய வேண்டும் என்பது தொழில். உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். சொன்னால் அந்த மேலறையில் தன் நாற்காலி என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. தன் சொல்லைத் தாங்க அண்ணனையும் அழைத்தார். "வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போண்ணே. நீ கட்டிவிட்ட கதைன்னு."

"ஞாயித்துக்கிழமை வேற வேலை இல்லையா உங்களுக்கெல்லாம்?" என்றபடியே அண்ணன் வந்தான், இஸ்திரி போட்ட சட்டையில்.

சாட்சி எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். சுவரை, ஜாடியை, காதில் விழுந்த கதையை.

முதலில் நர்ஸம்மாதான் பேசினாள். "அப்ப நான் இத்தனை வருஷம் அழுதது?"

"இருங்க, இருங்க" என்றார் வக்கீல். இழந்த வழக்கில் ஓட்டை கண்டவரின் கண்கள் அவருக்கு வந்திருந்தன. "இவர் சுவத்தைத்தான் பார்த்தார்னா, எப்படி முடிஞ்சுதுன்னு சொல்ல இவருக்குத் தகுதியே இல்ல. டிவியைப் பார்த்தவர் யாரு?" அண்ணன் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்கதானே நேர்ல பார்த்தது?"

'ஐயா' என்ற சொல் அண்ணன் மேல் பன்னீர் மாதிரி விழுந்தது. யாரோ விசிறியைத் திருப்பி வைத்தார்கள். யாரோ கைப்பிடி வைத்த ஒரே பெரிய நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அண்ணன் அதில் சாய்ந்து, அத்தனை முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"நான்தான் பார்த்தேன். அவன் நின்னான். கப்பல் போச்சு. கையாட்டிட்டே இருந்தான்."

"அண்ணே!"

"நீ சும்மா இருடா. உனக்கு என்ன தெரியும்? நீ சுவத்தையில்ல பார்த்துட்டிருந்தே."

அறை சிரித்தது. துக்கத்திலிருந்து தப்பித்தவர்களின் சிரிப்பு, எனவே கொஞ்சம் பலமாகவே. கிடைத்த பிரதி போலி என்று அன்றே தீர்மானம் ஆனது. பொய் சொல்லிவந்த சாட்சி விலகிக்கொள்ளட்டும், உண்மையான சாட்சி வரட்டும் என்று வக்கீல் நாகரிகமான தமிழில் எடுத்துரைத்தார். முடிவு பிழைத்தது, சொன்னவர்தான் பிழைக்கவில்லை.

அடுத்த கூட்டத்து ஞாயிறு மதியம், அவர் சும்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மனைவி, "நல்லதாப் போச்சு, இனிமேலாவது வீட்டுல இருப்பீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் வீட்டில் இருந்து என்ன செய்வார் என்று தெரியாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். அண்ணன் வாசலில் நின்றபடியே கேட்டான்.

"டேய், அவன் எந்தக் கையால டாட்டா காட்டினான்? அந்த வக்கீல் துளைச்சு எடுக்கிறான். எனக்கு எங்கே ஞாபகம் இருக்கு?"

வலது கை என்று சொன்னால் போதும். அதே கையில் நெம்புகோல். அசைத்தால் கதவு திறந்துகொள்ளும். அந்தக் கூட்டம் இதை ஒரு நிமிடத்தில் பிடித்துவிடும், அண்ணன் மாட்டிக்கொள்வான். 'வல' என்பது வரை நாக்கு நுனியில் வந்தது.

ஆனால் அந்த எஞ்சினீயர் அங்கே நின்றுகொண்டிருந்தான், நச்சுக்காற்றில், நாற்பது வருடமாக.

"இடது கை" என்றார்.

"சரி" என்று அண்ணன் வண்டியைக் கிளப்பினான்.